டிராக் டேயில் பந்தயம் ஓட்டுகிறவர்களை யார் வெளியேற்றுவது?

மஞ்சள்கொடி எழுதியது:

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் நடக்கும் டிராக் டேக்களில், அதாவது பந்தயம் இல்லாமல், கட்டணம் கட்டி அவரவர் வண்டியைத் தடத்தில் ஓட்டும் நாட்களில், மார்ஷலாகக் கொடி பிடிப்பவன் என்ற முறையில் இந்த இழையைத் தொடங்குகிறேன். அண்மையில் நான் நின்ற ஒரு நிகழ்ச்சியில், ஏற்பாட்டாளர் யார் என்பது இங்கே தேவையில்லை, ஒருவர் வளைவில் முன்சக்கரம் வழுக்கி விழுந்தார். அவர் எழுந்து தடுப்புக்கு அப்பால் போய்விட்டார், ஆனால் வண்டி தார்ப்பரப்பின் மேலேயே கிடந்தது. முன்னே ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே என்று சொல்லும் மஞ்சள் கொடியை நான் விடாமல் அசைத்துக்கொண்டிருக்க, என் சக மார்ஷல் வண்டியை நிமிர்த்துவதற்காகக் குனிந்தார். அந்த நேரம் பார்த்துப் பின்னால் வந்த இருவர், ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு, அவருடைய முதுகுக்கு ஒரு கை தூரத்தில் கடந்து போனார்கள். வண்டிகள் நிற்கும் பிட்டுக்குத் திரும்பியதும் விசாரித்தபோது, கொடியைப் பார்க்கவில்லை, ஒரு சுற்றுக்கான நேரத்தைக் காட்டும் லேப் டைமரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஒருவர் வெகு இயல்பாகச் சொன்னார். அடுத்த செஷனிலும் அவர் தடத்தில் இருந்தார். யாரும் தடுக்கவில்லை.

விழுவதைப் பற்றி நான் பேசவில்லை. தடத்துக்கு வருகிற எவரும் ஒருநாள் விழத்தான் செய்வார். அதற்காகத்தான் ஓரத்தில் மண்ணும் புல்லும் டயர்ச் சுவரும் இருக்கின்றன. விழுந்தவர் தடத்தின் மேல் கிடக்கும்போது பின்னால் வருகிறவர் என்ன செய்கிறார் என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது. 2010-இல் மிசானோவில் ஷோயா டொமிசாவா, 2011-இல் செபாங்கில் மார்கோ சிமோன்செல்லி, 2021-இல் முஜெல்லோவில் ஜேசன் டுபாஸ்கியே ஆகிய மூவரும் விழுந்த இடத்தில் பின்னால் வந்த வண்டிகள் மோதியதால் இறந்தார்கள். உலகத் தரமான உடையும் தலைக்கவசமும் அணிந்திருந்த, பிறவித் திறமை கொண்ட வீரர்கள் அவர்கள். மோதியவர்களும் விலகுவதற்கு நேரமே கிடைக்காத தொழில்முறை வீரர்கள்தான். நம்மிடம் அந்தத் திறமையும் இல்லை. இருக்கிற கொஞ்ச நேரத்தையும் டைமரைப் பார்ப்பதில் செலவழிக்கிறோம்.

200 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 55 மீட்டர் கடந்துவிடும். கொடி அசைவதைக் கண்டு, மூளை புரிந்துகொண்டு, கை பிரேக்கைத் தொடுவதற்கே அந்த ஒரு விநாடி போய்விடுகிறது. ஆகவே மஞ்சள் கொடி தெரிந்தவுடன் வேகத்தைக் குறைப்பதும் முந்தாமல் இருப்பதும் அடுத்தவருக்குச் செய்யும் மரியாதை மட்டுமல்ல. அவை இல்லாவிட்டால் மார்ஷல்களாகிய நாங்கள் தடத்தில் கால் வைக்கவே முடியாது.

என் கோரிக்கை எளியது. மஞ்சள் கொடியின் கீழ் முந்துகிறவரை உடனே கறுப்புக் கொடி காட்டி உள்ளே அழைக்க வேண்டும். அன்றைய நாள் அவருக்கு அத்துடன் முடிய வேண்டும். கட்டிய பணம் திரும்பக் கிடைக்கக் கூடாது. பிற தவறுகளுக்கு முதல் முறை எச்சரிக்கை தரலாம். இதற்கு மட்டும் கூடாது.

சிற்றெஞ்சின் எழுதியது:

மஞ்சள்கொடி ஐயா சொல்வதை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் கொடி அசையாத நேரத்தில் நடப்பதைப் பற்றியும் பேச வேண்டும். நான் ஓட்டுவது ஒற்றைச் சிலிண்டர் வண்டி. நேர்பாதையில் லிட்டர் பைக்குகள், அதாவது 1000 சிசி வண்டிகள், என்னை மிக எளிதாகத் தாண்டிப் போகின்றன. அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. தாண்டிய பின்பு அவற்றுள் பல, வளைவுக்கு வெகு முன்பே பயந்து பிரேக் பிடித்து, நடுவளைவில் என் பாதையில் ஏறக்குறைய நின்றுவிடுகின்றன. அவர்களைவிட நான் வளைவில் வேகம். ஆனால் முந்த முடியாது. வெளியேறும்போது அவர்கள் ஆக்சிலரேட்டரை முறுக்கியதும் மீண்டும் காணாமல் போய்விடுவார்கள். செஷன் முழுவதும் இதே கதைதான்.

இதில் பொறுமை இழந்து உட்பக்கமாக மூக்கை நுழைக்கும் சின்ன வண்டிக்காரர்களும் இருக்கிறார்கள் என்பதை மறைக்க மாட்டேன். முன்னால் போகிறவர் வளைவின் உள்விளிம்பான அபெக்ஸ் நோக்கிச் சாயும்போது உட்பக்கத்தில் ஒரு வண்டி இருக்கும் என்று கனவிலும் நினைக்க மாட்டார். அவருடைய வண்டியில் பின்பார்வைக் கண்ணாடி இல்லை. கண்ணாடிகளைக் கழற்றச் சொன்னவர்களே நாம்தான். ஆகவே முந்துகிறவர்தான் முழுப் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்ற விதி நியாயமானது. முன்னால் போகிறவருடைய கடமை ஒன்றே ஒன்றுதான்: தான் போகும் லைனை, அதாவது பாதையை, விட்டு நடுவழியில் திடீரென்று மாறாமல் இருப்பது.

லிட்டர்க்காரன் எழுதியது:

எப்போதும் பெரிய வண்டிக்காரர்கள் தலையில்தான் பழி விழுகிறது என்பதால் மறுபக்கத்தையும் எழுதுகிறேன். மஞ்சள் கொடியை மதிக்காதவரை நானும் ஆதரிக்க மாட்டேன். ஆனால் "பந்தய மனப்பான்மை" என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்குவது சரியில்லை. தேர்ந்தவர்களின் குழுவில் இரண்டு வண்டிகள் நெருங்கி ஓடுவது ஒருவரை ஒருவர் அறிந்து, நம்பி ஓடுவதாகும். அதைப் பார்த்துப் புதியவர்கள் அச்சப்பட்டால், அவர்கள் அந்தக் குழுவுக்கு ஏன் வந்தார்கள் என்பதுதான் கேள்வி.

உண்மையான கோளாறு பதிவுப் படிவத்தில் தொடங்குகிறது. உங்கள் அனுபவம் என்ன என்று கேட்கும் இடத்தில் ஏற்காடு மலைப்பாதையில் ஓட்டியதையெல்லாம் சேர்த்துத் "தேர்ந்தவர்" என்று குறித்துவிடுகிறார்கள். கேள்வி கேட்காமல் ஏற்பாட்டாளரும் ஏற்றுக்கொள்கிறார்; அவருக்கு இடம் நிரம்பினால் போதும். வண்டியின் சிசியைப் பார்த்துக் குழு பிரிப்பது அதைவிட மோசம். காலை முதல் செஷனை எல்லோருக்கும் கணிப்புச் செஷனாக வைத்து, லேப் நேரத்தைப் பார்த்துக் குழு பிரித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அதைச் செய்யாமல், பணம் கட்டி வந்தவரை நடுப்பகலில் வீட்டுக்கு அனுப்பு என்பது எனக்கு உவப்பாக இல்லை. பார்வையில் படவில்லை என்று ஒருவர் சொன்னால், அது பொய் என்று எப்படி நிரூபிப்பீர்கள்?

மஞ்சள்கொடி எழுதியது:

குழு பிரிப்பதைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, அதை ஏற்கிறேன். நிரூபிப்பது பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். கொடியைப் பார்க்கவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் அவர் தடத்தில் இருக்கத் தகுதியற்றவர் என்பது இன்னும் உறுதியாகிறது. பார்த்தும் முந்தியவரை ஒருவேளை திருத்தலாம். பார்க்கவே முடியாத அளவுக்குத் தன் எல்லையைத் தொட்டு ஓட்டுகிறவரை அன்றைக்கே திருத்த முடியாது.

இன்னொன்று. 2018-இல் மிசானோவில் நடந்த, மோட்டார்சைக்கிள் உலகச் சாம்பியன்ஷிப்பின் இரண்டாம் நிலைப் பிரிவான மோட்டோ2 பந்தயத்தில், ரொமானோ ஃபெனாட்டி முழு வேகத்தில் போகும்போதே பக்கத்தில் வந்த ஸ்டெஃபனோ மான்சியின் பிரேக் லீவரைக் கையால் பிடித்து அழுத்தினார். பந்தயத்திலேயே கறுப்புக் கொடி. அணி ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அந்த ஆண்டின் எஞ்சிய காலம் முழுவதும் அவருக்கு உரிமம் இல்லை. கோடிக்கணக்கில் பணம் புரளும் இடத்திலேயே இதைச் செய்ய முடிகிறது என்றால், ஒருநாள் கட்டணம் கட்டி வருகிற நமக்கு மட்டும் என்ன தயக்கம்?

அவசரப்பிரிவு எழுதியது:

நான் மருத்துவர், எலும்பு முறிவுகளோடும் தலைக்காயங்களோடும் தினமும் பழகுகிறவன், வண்டியும் ஓட்டுகிறேன். நடத்தையைப் பற்றிப் பேசும்போது விழுந்த பின் நடக்கும் பொறுப்பற்ற செயல்களை எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

முதலாவது, விழுந்து தலை அடிபட்டவர் அன்று மறுபடி ஓட்டக் கூடாது. அவர் நன்றாகப் பேசுவார், சிரிப்பார், கைகுலுக்குவார். மூளை அதிர்ச்சியின் அறிகுறிகள் சில மணி நேரம் கழித்துக்கூட வெளிப்படலாம். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, எந்த வளைவில் விழுந்தோம் என்பது நினைவில்லாதது, வெளிச்சம் கூசுவது, குமட்டல் ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எதுவும் இல்லாவிட்டாலும் அன்று வண்டி வேண்டாம். நண்பர்கள் கிளட்ச் லீவரை மாற்றிக் கொடுத்து, ஒன்றும் ஆகவில்லை, போய் ஓட்டு என்று தோளில் தட்டி அனுப்புகிறார்களே, அது அன்பு அல்ல. அடிபட்ட தலைக்கவசத்தையும் அத்துடன் ஓரம் கட்டிவிட வேண்டும். வெளியே கீறல் சிறிதாக இருந்தாலும் உள்ளே இருக்கும் நுரை நசுங்கியிருக்கும், அது மீண்டும் எழும்பாது.

இரண்டாவது, கீழே கிடப்பவருடைய தலைக்கவசத்தை ஓடிப்போய்க் கழற்றாதீர்கள். மூச்சு விடுகிறார் என்றால் அப்படியே இருக்கட்டும். கழற்றத்தான் வேண்டும் என்றால் பயிற்சி பெற்ற இருவர் வேண்டும்: ஒருவர் கழுத்தையும் தாடையையும் அசையாமல் தாங்க, மற்றவர் மெல்ல இழுக்க வேண்டும்.

மூன்றாவது, ஆம்புலன்ஸ் ஒருவரை ஏற்றிக்கொண்டு வாயிலைத் தாண்டிவிட்டால், அது திரும்பும்வரை அல்லது இன்னொன்று வரும்வரை தடம் மூடியிருக்க வேண்டும். சிவப்புக் கொடியால் செஷன் நீண்ட நேரம் நின்றதற்காக ஏற்பாட்டாளரோடு சண்டை போட்டவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய கோபம் எதைக் கேட்டது தெரியுமா? ஆம்புலன்ஸ் இல்லாமலேயே ஓட விடுங்கள் என்பதைத்தான்.

சென்னை வெயிலையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். தோல் உடைக்குள் உடம்பு வெந்துகொண்டிருக்கும்போது தாகம் தெரிவதற்கு முன்பே கவனம் குறையத் தொடங்கிவிடுகிறது. பிற்பகல் செஷன்களில் கைகள் தளர்ந்து, பிரேக் பிடிக்கும் இடம் தள்ளிக்கொண்டே போவது இதனால்தான். உப்புச் சேர்த்த நீர் குடியுங்கள். கடைசி செஷனை விட்டுவிடத் தோன்றினால் விட்டுவிடுங்கள்.

பழையசோழவரம் எழுதியது:

சோழவரத்தில் பந்தயம் பார்த்து வளர்ந்தவன் நான். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் அது. இன்று இருப்பதுபோல் ஓரத்தில் மண்குழிகள் கிடையாது; வேடிக்கை பார்க்கும் கூட்டம் தடத்தை ஒட்டியே நிற்கும். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்தில், 12 வளைவுகளோடு நிரந்தரத் தடம் அமைத்து 1990-இல் திறந்தபோது, இனி பயமில்லை என்றுதான் எங்களில் பலர் நினைத்தோம். தடம் மாறியது, மனிதர்கள் மாறவில்லை. 2023 ஆகஸ்டில் அதே தடத்தில், தேசியச் சாம்பியன்ஷிப் பந்தயத்தில், 13 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து இறந்துபோனான். அந்தச் சுற்றின் எஞ்சிய பந்தயங்கள் கைவிடப்பட்டன. அது முறைப்படி நடத்தப்பட்ட பந்தயம், அனைத்து மேற்பார்வையும் இருந்த இடம். மேற்பார்வை குறைவான ஒரு ஞாயிற்றுக்கிழமை டிராக் டேயில் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பதை யோசியுங்கள்.

வயது பற்றியும் ஒரு சொல். 2021-இல் ஹெரெஸில் 15 வயது டீன் பெர்டா வின்யாலெஸ் இறந்த பிறகு, உலகச் சாம்பியன்ஷிப்களுக்கான குறைந்தபட்ச வயதை 18-ஆக உயர்த்துவது என்று உலக மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பான எஃப்ஐஎம் முடிவு செய்தது. இங்கே அப்பாக்கள் மகனைப் பெரியவர்களின் செஷனில் கலந்து ஓட்ட விடுங்கள் என்று கெஞ்சுவதைக் கேட்கிறேன். தயவுசெய்து கெஞ்சாதீர்கள்.

முதல்லேப் எழுதியது:

அடுத்த மாதம் முதன்முறையாக டிராக் டேக்கு வருகிறேன். இதையெல்லாம் படித்தபின் வருவதா வேண்டாமா என்றே யோசனையாக இருக்கிறது. என்னிடம் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள முழுமுகத் தலைக்கவசம் இருக்கிறது. ஒரே அழுத்தில் திறக்கும் கொக்கி உடையது. லெதர் சூட் வாடகைக்குக் கிடைக்கும் என்றார்கள். வண்டியில் என்னென்ன செய்ய வேண்டும், எவற்றையெல்லாம் அனுமதிக்க மாட்டீர்கள் என்று யாராவது சொல்ல முடியுமா அண்ணா?

பிட்சுவர் எழுதியது:

கண்டிப்பாக வாருங்கள் தம்பி. நெடுஞ்சாலையில் வேகம் பார்ப்பதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பானது. வண்டிப் பரிசோதனை மேசையில் உட்காருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

தலைக்கவசத்தில் தொடங்குவோம். முத்திரை தேவைதான், ஆனால் நான் முதலில் பார்ப்பது பொருத்தம். கவசத்தை அணிந்து, வாரை இறுக்கிக் கட்டி, தலையைச் சற்று முன்னால் குனியுங்கள். வேறொருவர் பின்பக்க விளிம்பில் விரல்களை வைத்து மேல்நோக்கி, முன்னோக்கி உருட்ட வேண்டும். கவசம் நெற்றியைத் தாண்டிக் கழன்றுவந்தால் அது உங்களுடைய அளவு அல்ல. விலை எதுவானாலும் வேண்டாம். இந்தச் சோதனையில் தோற்று, கடைக்காரர் "ஒரு மாதத்தில் செட் ஆகிவிடும்" என்று சொன்னார் என்று என்னோடு வாதிட்டவர்கள் நிறையப் பேர். நுரை காலப்போக்கில் இன்னும் தளருமே தவிர இறுகாது. கொக்கியைப் பொறுத்தவரை, பல தடங்களில் இரண்டு டி வடிவ வளையங்களுக்குள் வாரைக் கோத்து இறுக்கும் இரட்டை டி வளையம்தான் கேட்பார்கள். அதில் வாரைத் தானாக விடுவிக்கும் பொறி எதுவும் இல்லை. ஏற்பாட்டாளரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குவதானால், தலைக்கவசத்துக்கான பன்னாட்டுத் தரமான ஈசிஇ 22.06 சான்று பெற்றதைப் பாருங்கள். சாய்வாக மோதும்போது தலை சுழல்வதையும் அந்தச் சோதனை அளக்கிறது.

வாடகை சூட் அணியும்போது முட்டியிலும் முழங்கையிலும் இருக்கும் காப்புகள் உங்கள் முட்டியின் மேல்தான் இருக்கின்றனவா என்று வண்டியில் உட்கார்ந்த நிலையில் பாருங்கள். நின்றால் சரியாகத் தெரியும். உட்கார்ந்ததும் தொடைக்கு ஏறிவிடும். முதுகுக் காப்பு தனியாக வாங்குங்கள், வாடகை சூட்டில் பெரும்பாலும் மெல்லிய நுரைதான் இருக்கும். கையுறை மணிக்கட்டைத் தாண்டி சூட்டின் மேல் ஏறி மூட வேண்டும்.

வண்டியில்: கண்ணாடிகள், பக்கநிலைத்தாங்கி (சைடு ஸ்டாண்ட்), எண் பலகை ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். முகப்பு விளக்குக்கும் பின்விளக்குக்கும் டேப் ஒட்டுங்கள். உடைந்தால் கண்ணாடித்துண்டு அடுத்தவருடைய டயருக்குப் போகக் கூடாது. எஞ்சின் ஆயில் வடிகால் போல்ட்டை மெல்லிய கம்பியால் கட்டியிருந்தால் மிக நல்லது. கிளைக்கால் கலந்த கூலண்டை வடித்துவிட்டு வெறும் நீர் ஊற்றச் சொல்வதைப் பலர் தொல்லையாக நினைக்கிறார்கள். அந்தத் திரவம் சிந்திய இடம் சோப்புத் தண்ணீர் கொட்டிய தரைபோல் ஆகிவிடும். காய்ந்துபோனதுபோல் தெரிந்தாலும் வழுக்கும். ஆயில் சிந்தினால் செஷன் முழுவதும் பாழ். ஒருவருடைய சோம்பல், முப்பது பேருக்கு ஒரு மணி நேரம்.

டயர் அழுத்தத்தை ஓட்டி முடித்து வந்ததும், சூடாக இருக்கும்போதே அளந்து, தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். முதல் இரண்டு லேப்களில் வேகம் காட்டாதீர்கள். வெயிலில் நின்ற டயர் வெளியே சூடாக இருக்கும், உள்ளே சூடேறியிருக்காது. பிட்டிலிருந்து வெளியே வரும்போது தரையில் வரைந்திருக்கும் கோட்டைக் கடக்காமல் ஓரமாகவே போய், திரும்பிப் பார்த்துவிட்டுச் சேருங்கள். உள்ளே வர வேண்டும் என்றால் இடக்கையை உயர்த்துங்கள். தலைக்கவசத்தின் மேல் கேமராவைப் பசையால் ஒட்டிக்கொண்டு வராதீர்கள்; என் மேசையிலேயே கழற்றச் சொல்லிவிடுவேன்.

நீதிமன்றவாசல் எழுதியது:

வழக்கறிஞராக இரண்டு செய்திகள். உங்கள் வண்டிக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்குப் பயன்படுத்தும்போது காப்பீடு செல்லாது என்ற வரி அதில் இருக்கும். டிராக் டே பந்தயம் அல்ல என்று நீங்கள் வாதிடலாம். நிறுவனம் அதை எளிதில் ஒப்புக்கொள்ளாது. தனிநபர் விபத்துக் காப்பீட்டிலும் சாகச விளையாட்டு விலக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, காலையில் அவசரமாகக் கையெழுத்துப் போடுகிறீர்களே, அந்தப் பொறுப்புத் துறப்புப் படிவம். எந்தத் தீங்குக்கும் யாரும் பொறுப்பல்ல என்று அதில் எழுதியிருப்பதால், தடத்தில் என்ன செய்தாலும் தப்பிவிடலாம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது இழப்பீட்டு வழக்கில் ஓரளவு உதவலாம். குற்ற வழக்கைத் தடுக்காது. பொதுச் சாலையில் கண்மூடித்தனமாக ஓட்டுவதற்கான பிரிவு தனியார் தடத்துக்குப் பொருந்தாமல் போகலாம். ஆனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவு, பிறருடைய உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து விளைவிக்கும் செயலை இடம் பாராமல் தண்டிக்கிறது. அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் 106-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுகள்வரை சிறை. மஞ்சள் கொடி அசைவதை ஒருவர் பார்த்திருந்தும் முந்தினார், மார்ஷல் இறந்தார் என்றால், அந்தப் படிவத்தைக் காட்டி யாரும் அவரைக் காப்பாற்ற முடியாது. ஏற்கனவே பல முறை எச்சரிக்கப்பட்ட ஒருவரை மீண்டும் தடத்தில் இறக்கிய ஏற்பாட்டாளரும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

வாடகைத்தடம் எழுதியது:

சிறிய அளவில் டிராக் டே நடத்துகிறவன் நான். மேலே மஞ்சள்கொடி ஐயா குறிப்பிட்ட நிகழ்ச்சி என்னுடையது அல்ல, ஆனால் என்னுடையதாக இருந்திருக்கலாம். உண்மையைச் சொன்னால், தட வாடகை, ஆம்புலன்ஸ், மார்ஷல்களுக்கான தொகை ஆகியவற்றைக் கட்டிய பின் மிஞ்சுவது மிகக் குறைவு. பத்துப் பேர் குறைந்தால் நட்டம். வெளியேற்றப்பட்ட ஒருவர் தம் நண்பர் குழுவையே அடுத்த முறை அழைத்துக்கொண்டு வேறிடம் போய்விடுவார். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. ஏற்பாட்டாளர்கள் ஏன் கண்டும் காணாமலும் இருக்கிறார்கள் என்பதற்கு இதுதான் காரணம்.

ஒரு ஏற்பாட்டாளர் மட்டும் கண்டிப்பாக இருந்தால் அவருக்குத்தான் நட்டம். எல்லோரும் சேர்ந்தால் யாருக்கும் நட்டமில்லை. வெளியேற்றப்பட்டவர்களின் பட்டியலை ஏற்பாட்டாளர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டால் என்ன என்று மற்ற இருவரிடம் கேட்டிருக்கிறேன். ஒருவர் சம்மதித்தார். லிட்டர்க்காரன் சொன்ன கணிப்புச் செஷனையும் அடுத்த முறை வைக்கிறேன். முதன்முறை வருகிறவர்களுக்கு நிறமேலாடை கொடுத்து, அவர்களை நேர்பாதையில் மட்டுமே முந்தலாம் என்று விதிக்கிறேன். பறிமுதல் ஆகும் கட்டணத்தை என் பைக்குள் போடாமல், இரண்டாவது ஆம்புலன்ஸுக்குச் செலவிடுவதாகப் பதிவுப் படிவத்திலேயே எழுதிவிடுகிறேன்.

லிட்டர்க்காரன் எழுதியது:

பணம் ஆம்புலன்ஸுக்குப் போகிறது என்றால் என் எதிர்ப்பில் பாதி போய்விட்டது. மீதிப் பாதிக்கு ஒரு நிபந்தனை: ஒவ்வொரு மார்ஷல் நிலையிலும் ஒரு கேமரா வையுங்கள். வெளியேற்றப்படுகிறவருக்கு அந்தப் பதிவைக் காட்டிய பின் வெளியே அனுப்புங்கள். கோபத்தில் போகிறவர், தான் கடந்துபோனது யாருடைய முதுகை என்பதையாவது பார்த்துவிட்டுப் போகட்டும்.

மஞ்சள்கொடி எழுதியது:

சம்மதம். கேமராவை நானே பொருத்துகிறேன். கொடி நிற்கும் இடத்துக்கும் வளைவின் வெளிவாயிலுக்கும் இடையே இரண்டு வேண்டும், ஒன்று போதாது. வாடகைத்தடம் அவர்களே, தேதியைத் தனிமடலில் சொல்லுங்கள். முந்தின நாள் மாலை வந்து கோணம் பார்த்துவிடுகிறேன்.